ஒன்பதாவது சிப்பாய்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிறவள் நான். இப்போது நானே சொல்கிறேன், நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், எனக்கு இருக்கிற கோபத்தில் அது ஒன்றும் பெரிதில்லை.

நான் ஜெர்மனியில் படித்துவிட்டு சிட்னிக்கு வந்தவள். பழைய ஜெர்மன் கவிதைகளில் சதுரங்கம் எப்படி வருகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. அந்தக் காலத்துப் புலவர்கள் எட்டுச் சிப்பாய்களுக்கும் ஆளுக்கொரு தொழில் கொடுத்திருக்கிறார்கள், உழவன், கொல்லன், வணிகன், வைத்தியன், வாயிற்காவலன் என்று. அந்த எட்டுப் பேரும் வரிசையாக நிற்கிற ஓவியத்தின் நகலில் சிவப்புப் பேனாவால் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டு வைத்திருந்தேன்.

என் தம்பி யூட் மன்னாரில் கடலில் மீன்பிடித்தவன். படகேறி வந்து இங்கே தடுப்பு முகாமில் கிடந்தான். சனிக்கிழமைகளில் பார்வையாளர் அறையில் இருவரும் சதுரங்கம் ஆடுவோம். அங்கிருந்த பெட்டியில் ஒரு சிப்பாய் குறைவு, அதற்குத் தன் சட்டைப் பொத்தானைப் பிய்த்து வைத்தான். கடைசிச் சனிக்கிழமை அந்த எட்டுத் தொழில்களையும் அவனுக்குச் சொன்னேன்.

"மீன்பிடிக்கிறவன் இல்லையோ அக்கா?"

"இல்லையடா."

"அப்ப அவையளின்ர ஆட்டத்திலயும் எனக்கு இடமில்லை."

நான் என்ன செய்தேன் தெரியுமா, சிரித்தேன். இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. புறப்படும்போது பொத்தானை என் கையில் தந்தான். "வச்சிருங்கோ அக்கா, வாற சனிக்கிழமையும் வேணும்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம், நூலகம் நிறைய ஆட்கள், நான் அந்த நகலை எடுத்தேன். ஒன்பது பேர் நிற்கிறார்கள். கடைசியில் தோளில் வலையோடு ஒருவன். அவன் காலடியில் சிவப்பில் 9, நம்பினால் நம்புங்கள், என் கையெழுத்து. ஓடிப்போய் நகல் எடுத்த புத்தகத்தைத் திறந்து பார்த்தேன், அதில் எட்டுப் பேர்தான். அப்போதுதான் யூட்டின் வழக்கறிஞர் எனக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, யூட்டை விடிய ஊருக்குப் பிளேனில ஏத்திப்போட்டாங்கள். எனக்கே இப்பதான் தெரியும்."

அக்காக்காரி இருக்கிறேன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. விமானத்தால் இறங்கியவன் எங்கே என்று கேட்டால் இங்கேயும் பதில் இல்லை, அங்கேயும் இல்லை. அவன் வழக்கின் கோப்பை மூடிவிட்டார்களாம். மனிதனை அப்படி மூடிவிட முடியுமா?

எனக்கு மனஅழுத்தம், நானே வரைந்திருப்பேன் என்கிறார் பேராசிரியர். எனக்கு ஒரு கோடு நேராகப் போட வராது. அந்த ஒன்பதாவது ஆளின் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. அது என் கைப்பைக்குள் இருக்கிறது, சனிக்கிழமைகளில் மட்டும் ஈரமாக இருக்கிறது.