துண்டுக்குள் ஒரு கேள்வி

முதல் படகின் ஆட்கள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது தெரிந்ததும் ஆதிகேசவன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உதறி, வாயையும் மூக்கையும் சேர்த்துச் சுற்றிப் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறார். அதன் பிறகுதான் ஐஸ் உடைக்கிற கொட்டாப்புளியைக் கையில் எடுப்பார். வெளியூரிலிருந்து மீன் எடுக்க வரும் வியாபாரிகள், குளிர் தாக்காமல் இருக்க இப்படிக் கட்டிக்கொள்கிறார் என்று நினைக்கிறார்கள். இவருக்கு இன்னும் கொரோனா பயம் போகவில்லை போலிருக்கிறது என்று கேலி பேசுகிறவர்களும் உண்டு. ஊர்க்காரர்கள் யாரையும் திருத்துவதில்லை. கடைசிப் படகு அலையைத் தாண்டி, மிஷின் சத்தம் தேய்ந்த பிறகே முடிச்சு அவிழும்.

பழவேற்காடு முகத்துவாரத்தை ஒட்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேட்டில் இருக்கிறது அந்தக் குப்பம். அங்கே ஐஸ் போடுகிறவர் இவர் ஒருவர்தான். ஊரில் பெயரே ஐஸ் ஆதி. ஐம்பத்திரண்டு வயது, குட்டையான உடம்பு, இடது கையில் இரண்டு விரல்கள் எந்நேரமும் ஊறி வெளுத்திருக்கும். ஒரு கட்டை ஐஸை எட்டே அடியில் பெட்டிக்குத் தகுந்தபடி நொறுக்கிவிடுவார். ஒன்பதாவது அடி விழுந்தால் மனசு எங்கேயோ போயிருக்கிறது என்று பொருள். பலகைக்குப் பக்கத்தில் ஒரு நீல டிரம்மில் குடிதண்ணீர் பிடித்து மூடி வைத்திருக்கிறார், அதன்மேல் ஒரு பித்தளைச் சொம்பு. பெட்டி தூக்க வருகிறவர்கள் எவ்வளவு தாகமானாலும் அதைத் தொடுவதில்லை. அவரும் தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்து வைக்கிறார்.

கடலுக்கு அவர் போவதில்லை. "ஒரு தபா இட்டுக்கினு போயி சுத்திக் காட்டிச்சு, அது போதும்" என்பார்.

கடல் சுற்றிக் காட்டியது இந்தோனேசியாவை. அந்தமானில் ஒருவர் படகில் வேலைக்குப் போனவர். நடுக்கடலில் மிஷின் நின்று, ஒன்பது நாள் காற்றும் நீரோட்டமும் இழுத்த இழுப்புக்குப் போய், சுமத்ராவின் வடமுனையில் ஒரு சிறிய துறைமுகத்தில் கரையேற்றப்பட்டார். எல்லை தாண்டிய வழக்கு முடியப் பதினான்கு மாதம் ஆயிற்று. சிறை என்று சொல்ல முடியாது. மீன்துறை வளாகத்தில் ஒரு கொட்டகை, பகலில் கடைத்தெரு வரை போய்வர அனுமதி. கூட இருந்த நான்கு பேரும் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்கள். இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளில்லையே. தெருவில் போய் நின்று அந்த ஊர்ப் பேச்சைப் பொறுக்கினார். பொறுக்கியதில் முக்கால்வாசி கேள்விகள். பிடிபட்டவனிடம் யார் வந்து கதை சொல்லப் போகிறார்கள்? எல்லாரும் கேட்கத்தான் வருவார்கள்.

அந்தக் கேள்விகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு காலத்தில் அவரை நிறுத்த முடியாது. "பேரு இன்னான்னு கேக்க மாட்டான். சியாப்பா நாமாஞா? யாரு உன் பேருன்னு கேப்பான். பேரும் ஒரு ஆளு மாதிரி." நம்மைப் போலக் கடைசியில் 'ஆ' ஒட்டவேண்டிய வேலையும் அங்கே இல்லையாம். சொல்லவேண்டியதை அப்படியே சொல்லிக்கொண்டு வந்து, வால் பக்கம் குரலைத் தூக்கிவிட்டால் கேள்வி ஆகிவிடும். முன்னால் ஆப்பாக்கா என்று போட்டுக் கேட்டால் அவன் அதிகாரி, எழுந்து நிற்க வேண்டும். அது இல்லாமல் கேட்டால் நம் ஆள், உட்கார்ந்தே பதில் சொல்லலாம்.

எல்லாவற்றையும் அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். பேனா வைத்துக் கேட்கிற கேள்வி, பேனா இல்லாமல் கேட்கிற கேள்வி. எத்தனை பேர் வந்தீர்கள், யார் படகு, ஏன் எல்லை தாண்டினீர்கள் என்பதெல்லாம் பேனாக் கேள்விகள். மாசத்துக்கு ஒருமுறை வரும். மற்றவை தெருவில் போகிற வருகிறவர்கள் கேட்பவை. சுடா மாக்கான்? சாப்பிட்டாயிற்றா? இல்லையென்றால் பெலூம், இன்னும் இல்லை என்று சொல்லவேண்டும். "இல்லன்னு மொட்டையா அறுக்க மாட்டான். இனிமே ஆவும்னு ஒரு நூல வுட்டு வெப்பான்" என்பார். டீக்கடை நடத்திய ஒரு பெண்மணி மட்டும் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பாள். காப்பான் பூலாங்? எப்போது வீட்டுக்கு? பதினான்கு மாதமும் பெலூம் என்றே சொல்லிச் சொல்லி, ஒருநாள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அழுதிருக்கிறார். அவள் டீயோடு ஒரு வாழைப்பழத்தையும் வைத்துவிட்டு, மறுநாளும் அதையேதான் கேட்டாள்.

ஆனால் அந்த ஊர்க் கேள்விகளில் அவரை முதலில் நடுங்க வைத்தது வேறு. மாவ் கெ மானா? எங்கே போகிறாய்? அங்கே அது வணக்கம் மாதிரி. வழியில் பார்க்கிற யாரும் யாரையும் கேட்பார்கள். சும்மா இப்படியே என்று கையை ஆட்டினால் போதும், பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நம் கடற்கரையில் கேட்கவே கூடாத கேள்வி அது. கடலுக்கு இறங்குகிறவனை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. வாய் தவறி யாராவது கேட்டுவிட்டால், போகிறவன் திரும்பி வந்து உட்கார வேண்டும். கேட்டவர் கையாலேயே ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். ஆதிகேசவன் இதிலேயே வளர்ந்தவர். அந்த ஊரில் முதல் வாரம் யார் மாவ் கெ மானா என்றாலும் விடுவிடுவென்று கொட்டகைக்குத் திரும்பி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பியிருக்கிறார். ஒருநாள் சாயங்காலத்துக்குள் பதினோரு தடவை. கடைத்தெருவுக்குப் போய்ச் சேரவே இல்லை. இதைச் சொல்லும்போது வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார். ஊரும் சிரித்தது, ஆனால் எந்தக் கேள்வியால் திரும்பித் திரும்பிப் போனார் என்பதை அவர் சொன்னதில்லை. தவளைச் சத்தம் போல ஏதோ அபசகுனம் என்று சமாளித்துவிடுவார்.

ஊர் திரும்பி ஐஸ் போட ஆரம்பித்தபோது இங்கே காலை நேரத்துக் கரை அவருக்கு ஊமையாகத் தெரிந்தது. படகுகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன, யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நாக்கு சும்மா இருக்குமா? ஒருநாள் பெட்டியை ஏற்றிவிட்டு, "மாவ் கெ மானா?" என்று வாலைத் தூக்கிக் கேட்டுவிட்டார். இளவட்டங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றைக்கு வலை நிறைய வாளை மீன் வேறு. அப்புறம் அவர் சொல்லாமல் மிஷினை இழுக்க மாட்டோம் என்கிற அளவுக்கு ஆனது. அர்த்தம் கேட்டவர்களிடம் வணக்கம் என்றார். பொய் சொன்னதாக அவர் நினைக்கவில்லை. எல்லாரையும்விட அதற்கு ஆசைப்பட்டவன் சரவணன், முப்பத்தோரு வயது, சொந்தமாகப் படகு வைத்திருந்தவன். மிஷின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஆதிண்ணா, இன்னும் கேக்கலியே" என்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில், வாடைக்காற்று மாறி மாறி அடித்த ஒரு காலையிலும் அப்படித்தான் சொன்னான். இவரும் கேட்டார். சரவணன் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான். முகத்துவாரத்தில் மணல் மேடிட்ட இடத்தில் அலை படகைப் புரட்டிப் போட்டது. மூன்று பேர் நீந்திக் கரையேறினார்கள். சரவணன் மூன்றாம் நாள் வடக்கே ஒதுங்கினான்.

நீந்தி வந்தவர்களில் ரஞ்சித் ஒருவன். காரியம் முடிந்த மறுநாள் என்ன தோன்றியதோ, போனை எடுத்து, மொழிபெயர்த்துச் சொல்லும் ஆப்பில் அந்த மூன்று சொல்லையும் சொல்லிப் பார்த்திருக்கிறான். போனுக்குள் இருந்த பெண்குரல் சுத்தத் தமிழில், எங்கே போகிறீர்கள் என்றது. பக்கத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் அவர் வீட்டுக்கு அடிக்க வரவில்லை. ஊர்க்கூட்டம் கூடி ஒரே வரியில் முடிவு சொன்னது. ஐஸ் போடலாம், படகு இறங்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. துண்டு அவராகச் சேர்த்துக்கொண்டது.

மணல் மேடுதான் காரணம், அதே இடத்தில் அதற்கு முன்னும் படகுகள் கவிழ்ந்திருக்கின்றன என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அவரை அரிக்கிற கணக்கே வேறு. மனைவி கஸ்தூரியம்மாளிடம் ஒரே ஒரு தடவை அதைச் சொல்லியிருக்கிறார்.

"கேட்டது கூட வுடு. தமிழ்ல கேட்டுத் தொலைச்சிருந்தா, நின்னு, உக்காந்து, என் கையால ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போயிருப்பான். என்னான்னே தெரியாம போயிட்டான் பாரு."

மறுநாள்தான் நீல டிரம் வந்தது.

சரவணனின் மனைவி ஜமுனா ஐந்து மாதம் வீட்டுக்குள் இருந்துவிட்டு மீன் கூடையைத் தூக்கினாள். அலுமினிய அன்னக்கூடையில் மீனை அடுக்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்துத் திருப்பாலைவனத்துப் பக்கம் தெருத்தெருவாக விற்கப் போகிறாள். மீனுக்கு ஐஸ் வேண்டும், ஐஸ் இவரிடம்தான் இருக்கிறது. படகுகள் இறங்கும் நேரத்தில் அவள் கரைப்பக்கம் வருவதில்லை, தாலி இழந்தவள் எதிரே வந்தால் அதற்கும் ஊரில் ஒரு சட்டம் இருக்கிறதே. எல்லாரும் போன பிறகு வருவாள். கூடையைப் பலகையில் வைப்பாள். அவளுக்கான ஐஸை மட்டும் அவர் எட்டு அடியோடு நிறுத்த மாட்டார், பொடிப்பொடியாக்கி மீன் நோகாமல் பரப்புவார். பேச்சு கிடையாது. கடைசிப் படகு போனால் அவிழ வேண்டிய துண்டு, அவள் வந்து போகும் வரை கட்டியே இருக்கும்.

அவளிடம் கேட்க அவருக்கு ஒன்று இருந்தது. நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா? அவ்வளவுதான். ஊர் என்ன நினைத்தாலும் தாங்கிக்கொள்ளலாம், இவள் அப்படி நினைத்தால் இந்தக் கரையில் இருந்து பயனில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தார். ஆரம்பாக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்தும் வைத்திருந்தார். ஒன்றரை வருஷமாகத் தினமும் காலையில் அந்தக் கேள்வி துண்டு வரைக்கும் வந்து நின்றது.

போன மாதம் ஒரு காலை. ஐஸ் பரப்பியாயிற்று. ஜமுனா சும்மாட்டைத் தலையில் வைத்து, கூடையை ஏற்றி, நாலு எட்டு வைத்தவள் திரும்பி நின்றாள்.

"ஆதிண்ணா. எதிர்ல வர்றவங்க மூஞ்சத் திருப்பிக்கிறாங்க. எங்க போறே, சாப்ட்டியான்னு கேக்க ஒரு ஆள் இல்ல எனக்கு."

அவர் கொட்டாப்புளியைக் கீழே வைத்தார்.

"ரஞ்சித் சொன்னான், அன்னிக்கு நீ கேட்டதுக்கு அவரு சிரிச்சுக்கினே கையத் தூக்குனாருன்னு. அதான் அவரு கடைசியா சிரிச்சது. உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லண்ணா. அவரக் கேட்டா மாதிரி என்னையும் கேளு, போயிட்டு வர்றேன்."

கேட்க நினைத்ததற்குக் கேட்காமலே பதில் வந்துவிட்டது. அவர் கை முடிச்சுக்குப் போனது. தெருமுனையில் ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான், ஜமுனா அசையவில்லை, தலைக்கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் அவள் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. துண்டுக்குள் அவர் உதடு அசைந்தது தெரிந்தது. சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை அசைந்தது. அப்போதும் வரவில்லை. இனிமேலும் வருமென்று தோன்றவில்லை.

முடிச்சிலிருந்து கையை எடுத்தார். டிரம்மின் மூடியைத் தள்ளி, சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, இரண்டு கைகளாலும் பிடித்து அவள் முன்னால் நீட்டினார்.