மதியச் சாப்பாட்டு ஆச்சி

சுபலட்சுமிக்கு வயது நாற்பத்தொன்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எழுபது.

கோட்டையூரில் ஒரு பெரிய செட்டியார் வீட்டை விடுதியாக்கியிருந்தார்கள். சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்தவளை மேலாளர் ஸ்ரீநிவாசன் கூடத்துக்குக் கொண்டுவந்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஓர் ஆச்சி இலை போட்டுப் பரிமாற வேண்டும். அந்த வீட்டு ஆச்சிமார் சென்னையில் சுடிதார் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

வரவேற்பில் இருந்த அர்ஷியா தினமும் அவள் தலையில் பவுடரைத் தட்டி நரைக்க வைப்பாள். புருவப் பென்சிலால் வாயோரம் கோடு இழுத்து விரலால் தேய்த்து மங்கவைப்பாள். பின்கொசுவம் வைத்து அரக்குக் கண்டாங்கிச் சேலை. வெள்ளைச் சேலை கட்டலாமே என்று ஸ்ரீநிவாசன் சொன்னபோது மட்டும், "எம்புருசன் சிங்கப்பூர்ல நல்லா இருக்காரு" என்றாள் சுபலட்சுமி. அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

"இப்படியே வீட்டுக்குப் போங்கக்கா. பஸ்ல எந்திரிச்சு இடம் குடுப்பாங்க" என்பாள் அர்ஷியா.

"குடுப்பாக. வீட்டுல எங்க மாமியாளும் எந்திரிச்சு நிக்கும்."

கணவன் கோட்டைச்சாமி கடைசியாக ஊருக்கு வந்து ஆறு வருஷம். ராத்திரியில் வீடியோவில் பேசுவார். அதற்கும் அர்ஷியாதான் வழி காட்டியிருந்தாள். போனில் ஒரு பொத்தானைத் தொட்டால் முகம் வழவழவென்று ஆகிவிடும். "நீ அப்படியே இருக்கே" என்பார் அவர். அந்த ஒரு சொல்லுக்காக அதை அவள் அணைத்ததே இல்லை. விடுதியில் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தாள்; ஆச்சி வேஷத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. பொங்கலுக்கு வருகிறேன் என்று அவர் சொன்னதிலிருந்து நேரில் பார்த்ததும் அவர் முகம் எப்படிப் போகுமோ என்பதே நினைப்பு. அதற்குள் காரைக்குடியில் ஒரு பார்லருக்குப் போய்வர வேண்டும் என்று இருந்தாள்.

அவர் சொல்லாமல் மார்கழியிலேயே வந்துவிட்டார்.

திருச்சியில் இறங்கி நேரே வந்திருக்க வேண்டும். கையில் பெட்டி. வெள்ளைப் பணியாரத் தட்டோடு கூடத்தில் நின்றவளிடம் வந்தார்.

"ஆச்சி, சுபலட்சுமின்னு இங்க வேலை பாக்குறா. எங்குட்டு இருக்கான்னு சொல்றீகளா?"

கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார்.

"பின்கட்டுல இருப்பா. இருங்க, வரச்சொல்றேன்" என்றாள். பரிமாறும்போது பேசுகிற குரலே வந்துவிட்டது. தட்டை எங்கே வைத்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தலையிலும் தண்ணீரை ஊற்றினாள். பவுடர் வெள்ளையாக ஓடியது. காலையில் கட்டிவந்த பச்சைச் சேலைக்கு மாறி, ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்தாள்.

"வந்துட்டியா? இங்க நின்ன ஆச்சி எங்க போனாக?"

"நாந்தான் அது."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடிப்பாவி. கட்டுனவனையே ஏமாத்திட்டியே." அவளும் சிரித்தாள். தப்பித்தோம் என்று நினைத்தாள்.

கிட்டே வந்தார். "மூஞ்சிய ஒழுங்காக் கழுவலை பாரு."

கைக்குட்டையை எடுத்து அவள் வாயோரக் கோட்டைத் துடைத்தார். போகவில்லை. அழுத்தித் துடைத்தார். கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தார். கறையே இல்லாமல் வெள்ளையாகவே இருந்தது. மறுபடி நீண்ட கை பாதியில் நின்றது.

"போகாதுங்க" என்றாள். "அது அர்ஷியா போட்டதில்லை."

அவர் கைக்குட்டையை மடித்தார். இனி மடிக்க இடமில்லை என்ற பிறகும் மடித்துக்கொண்டே இருந்தார்.