ஆறு கப்பலுக்கும் ஒரே சமையல்கட்டு

1. பையர் கீழே, செல்வி மேலே

“நான் எழுதுனத எதுக்கு சார் எடுத்தீங்க?”

செல்வி இப்படிக் கேட்டுக்கொண்டு என் டேபிள் முன்னால் வந்து நின்றபோது, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த, சரக்கு வாங்குகிற பையர் கம்பெனி ஆள் கீழே அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கையில் மெஷர்மென்ட் சார்ட், இன்னொரு கையில் டேப். மாடிப்படியில் ஓடப் பார்க்கிறேன், செல்வி வழியை விடவில்லை.

“ஏம்மா, இத இப்பத்தான் கேக்கோணுமா? பையர் கீழ நிக்கறாருல்ல?”

“நிக்கட்டும். எனக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க.”

பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் குவாலிட்டி மேனேஜர். செல்வி அங்கே ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர், தூத்துக்குடிக்காரர். அவர் என்னிடம் கேட்டது பனியனைப் பற்றி அல்ல. ஒரு போர்க்கப்பலின் சமையல்கட்டைப் பற்றி.

எனக்குச் சும்மா இருக்க வராதுங்க. சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் கண்ணசரும்போது நான் செக்கிங் டேபிள்களைச் சுற்றி நடந்துகொண்டிருப்பேன். அந்தக் கொடுமையைப் பார்க்கமுடியாமல் செல்விதான் என்னை இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுத இழுத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சம்பளம் கிடையாது. தப்புக் கண்டுபிடிப்பதே என் தொழில். அதைச் சம்பளமில்லாமல் செய்ய ஒரு இடம் கிடைத்ததும் விடுவேனா?

நாங்கள் கையில் எடுத்த கட்டுரை ஒரு போர்க்கப்பல் வகுப்பைப் பற்றியது. வகுப்பு என்றால் ஒரே டிசைனில் கட்டிய கப்பல்களின் கூட்டம். இதில் ஆறு கப்பல். முதல் மூன்று ஒரு கப்பல் கட்டும் யார்டில் கட்டியவை, அடுத்த மூன்று இன்னொரு யார்டில். பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இந்தக் குறிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே திருத்தப் போய்விடுவீர்கள், உங்களைத் தெரியாதா எனக்கு!

செல்வி அந்த வகுப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவருடைய அப்பா. சூசை ஐயா கடற்படையில் சமையல்காரராக இருந்தவர். முதல் கப்பலில் கொஞ்ச காலம், பிறகு நாலாவது கப்பலில் பல வருஷம். கட்டுரையில் எங்களோடு மூன்றாவதாகச் சேர்ந்தவர் ‘நெய்தல்’ என்ற புனைபெயர்க்காரர். ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. காற்புள்ளி ஒன்று இடம் மாறினாலும் வந்து நிற்பார்.

2. சீல் வைத்த சாம்பிள்

ஆறு கப்பலுக்குமான விவரப் பட்டியல் என் வேலை. நீளம், அகலம், எஞ்சின், பீரங்கி, எந்தத் தளத்தில் என்ன அறை. முதல் கப்பலுக்கு நல்ல புத்தகம் கிடைத்தது, மற்றதற்கெல்லாம் அரைகுறைத் தகவல்தான். நான் யோசிக்கவே இல்லை. பையர் ஓகே பண்ணி சீல் வைத்த சாம்பிள் ஒன்று கையில் இருந்தால், பின்னால் வருகிற பீஸ் எல்லாம் அதே மாதிரிதான் இருக்கவேண்டும். அதுதானே எங்கள் தொழில்? முதல் கப்பலைச் சாம்பிளாக வைத்து, கடைசிப் பத்தியில் ‘அறைகளின் அமைப்பு: ஆறு கப்பல்களிலும் ஒன்றே’ என்று போட்டுவிட்டேன். பட்டியல் அயர்ன் பண்ணின மாதிரி மடிப்பில்லாமல் இருந்தது. எனக்கே என் மேல் ஒரு மெச்சுதல்.

ஒரு திங்கட்கிழமை பார்த்தால், செல்வி அதில் கை வைத்திருக்கிறார். ‘நான்காவது கப்பலில் மட்டும் சமையலறை, புகைபோக்கிக் குழாயை ஒட்டி அமைந்திருந்தது’ என்று ஒரு வரி. ஆதாரம் எதுவும் இல்லை. எந்தப் புத்தகத்தில் வந்தது என்று காட்டாமல் ஒரு வரியும் நிற்கக்கூடாது என்பது அங்கே சட்டம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எடுத்துவிட்டு, காரணம் எழுதும் கட்டத்தில் ‘ஆதாரம் இல்லை. நீக்கம்’ என்று போட்டேன். டேபிளில் டேமேஜ் பீஸைத் தூக்கி எறிகிற வேகம்தான்.

அதற்குத்தான் அவர் படிக்கட்டை மறித்தது.

“ஆதாரம் எங்கம்மா?” என்றேன்.

“எங்கப்பாதான் ஆதாரம். அந்த அடுக்களையில நின்னு வெந்தவிய அவிய. எங்கப்பா பொய்யா சொல்லுதாவ?”

“நான் அப்படிச் சொல்லலீங்க. புஸ்தகத்துல இல்லீன்னா போடமுடியாதுங்க. எனக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமுங்களா?”

“நீங்க போட்ட பட்டியல் என்ன பண்ணிச்சு தெரியுமா சார்?”

பிறகு சொன்னார். சூசை ஐயா தினமும் காலையில் துறைமுகம் பக்கத்து டீக்கடையில் கூட்டாளிகளோடு உட்காருவாராம். புகைபோக்கியை ஒட்டின அடுக்களையில், இரும்புச் சுவரில் கை பட்டால் தோல் உரியும், அதில் நின்று ஒரு கப்பலுக்கே சோறு பொங்கினேன் என்பது அவருடைய கதை. அப்படிக் கப்பலே கிடையாது, சும்மா அளக்கிறார் என்று கூட்டாளிகள் கிண்டல் பண்ணுவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் செல்போனில் எங்கள் கட்டுரையை எடுத்து, என் பட்டியலை எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டார். ஆறும் ஒன்றேயாம்! கடையே சிரித்திருக்கிறது. ஐயா எழுந்து வீட்டுக்கு வந்தவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. யாரோடும் பேச்சும் இல்லை.

கீழேயிருந்து “சார், கூப்பிடறாங்க!” என்று சத்தம். போனேன். என்ன அளந்தேன், என்ன டிக் பண்ணினேன் என்று இன்றைக்குக் கேட்டால் தெரியாது. இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆனது அந்த லாட்டின் நல்ல நேரம்.

3. பிளாட்டரில் ஒரு கப்பல்

செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டார். கம்பெனியில் “குட்மார்னிங் சார்”, அதோடு சரி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சட்டம் என் பக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன், அடங்கவில்லை. மண்ணரையில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தாலும் அதே நினைப்பு.

“ஏனுங்க, கப்பல் கவுந்தாப்புல கன்னத்துல கைய வெச்சுட்டு உக்காந்திருக்கறீங்க? சோறு ஆறுதுங்க,” என்றாள் வீட்டுக்காரி.

“கவுந்துருந்தாத் தேவலையே,” என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளக்கவும் எனக்குப் பொறுமையில்லை.

அந்த வாரத்திலேயே கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் நெய்தல் ஒரு கேள்வி போட்டார்: ‘ஒரு வரியை ஆதாரமில்லை என்று நீக்கியுள்ளீர்கள். சரிதான். ஆறு கப்பல்களிலும் அமைப்பு ஒன்றே என்று நீங்கள் எழுதியதற்கு ஆதாரம் எது?’

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் இவர் என்னைக் கேட்க! பதில் எழுத உட்கார்ந்தேன். ‘ஒரே வகுப்பு என்றால்’ என்று ஆரம்பித்து நின்றேன். முதல் கப்பலுக்குப் புத்தகம் இருக்கிறது, மற்ற ஐந்துக்கு? என்னிடம் ஒரு பக்கம்கூட இல்லை.

அட சாமி! ஷிப்மென்ட் அவசரத்தில் பாதி ஆர்டரை வெளி யூனிட்டுக்குத் தைக்கக் கொடுத்தால் என்ன வரும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அதே சாம்பிள், அதே துணி, அதே சார்ட்தான் போகும். திரும்பி வருகிற பீஸில் கழுத்துப் பட்டி வேறாக இருக்கும், பாக்கெட் ஒரு விரல் இறங்கியிருக்கும். அந்த வெளி யூனிட்காரர்களோடு சண்டை போட்டே எனக்கு முடி நரைத்தது. இரண்டாவது யார்டும் வெளி யூனிட்தானே என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

‘ஆதாரம் இல்லை. என் வரியையும் நீக்குகிறேன்’ என்று எழுதி, பட்டியலில் அந்தக் கடைசிப் பத்தியை முழுசாக எடுத்தேன். செல்வியிடமும் போய்ச் சொன்னேன். “தேடுவோமுங்க. ரெண்டாவது யார்டோட வரைபடம் எங்காச்சும் இல்லாமப் போகாது.” அவர் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானமே கட்டுரைப் பக்கத்தில் அவருடைய பெயர் தெரிந்தது.

பிறகு நடந்ததுதான் கூட்டு வேலை. செல்வி, அப்பாவிடம் பக்குவமாக விசாரித்துத் தளங்களின் பெயர்களைக் கேட்டு வாங்கினார். நெய்தல் அந்தப் பெயர்களை வைத்து, ஏதோ ஒரு வெளிநாட்டு நூலகம் ஸ்கேன் பண்ணி வைத்திருந்த யார்டின் பழைய வெளியீட்டைப் பிடித்தார். அதில் இரண்டாவது யார்டு கட்டிய கப்பலின் முழு வரைபடம். திரையில் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற எங்கள் கேட் ரூமில், பேட்டர்னைப் பெரிய தாளில் அடிக்கிற பிளாட்டர் உண்டு. அதில் கப்பலை அடித்து எடுத்தேன். கட்டிங் டேபிள் மேல் நீளத்துக்கும் விரித்ததும், கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

“என்னுங்க சார், புது ஸ்டைலுங்களா?”

“ஆமாங்க மாஸ்டர். சைஸுதான் கொஞ்சம் பெருசு.”

பீகார்ப் பையன்கள் இரண்டு பேர் ஹிந்தியில் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். நான் டேப்பை எடுத்து முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு அறையாக வந்தேன். செல்வி எனக்கு எதிரே நின்று அறைகளின் பெயரை வாசித்துக்கொண்டு வந்தார். புகைபோக்கி வந்தது. அதை ஒட்டி, சுவரோடு சுவராக, சமையலறை.

“அப்பா!” என்றார் செல்வி. நான் டேப்பை அந்த அறை மேலேயே வைத்துவிட்டேன். கட்டிங் மாஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் வரைபடத்தின் மூலையில் இருந்த குறிப்பைப் படித்தோம். இந்த அமைப்பு நாலாவது, ஐந்தாவது, ஆறாவது கப்பல்களுக்குப் பொருந்தும் என்று இருந்தது. நாலாவதில் மட்டும் இல்லை. மூன்றிலும்.

செல்வி முகம் சுருங்கிவிட்டது. தன் கப்பலில் மட்டும்தான் என்று ஐயா வருஷக்கணக்காகச் சொல்லிவந்தவர். டீக்கடை இதையும் பிடித்துக்கொள்ளும்.

“நாலாவதை மட்டும் போட்டுரலாமுங்க,” என்றேன். “அதுவும் உண்மைதானே? மத்த ரெண்டு பத்தி நாம வாயத் தொறக்காம இருந்துக்கலாம்.” நான் இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

“பொய்யா எழுதச் சொல்லுதியளா சார்?”

“பொய் இல்லீங்க, பாதி...”

“பாதின்னா பொய்தான். நீங்கதான டேமேஜ் பீஸப் பொட்டிக்கு அடியில வைக்கக்கூடாதும்பீங்க?”

மூன்று கப்பலையும் அவரே எழுதினார். ஆதாரத்தை அவரே கொடுத்தார். நெய்தல் வந்து ஒரு காற்புள்ளியை மட்டும் மாற்றிவிட்டுப் போனார்.

4. சூசை ஐயாவின் கேள்வி

அன்று சாயங்காலமே கம்பெனி வராண்டாவில் நின்று செல்வி அப்பாவுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினார். நான் கொஞ்சம் தள்ளி, குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ‘மூன்று கப்பல்களிலும்’ என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். “உங்ககிட்ட பேசணுமாம்.”

திட்டு வாங்கத் தயாராகத்தான் வாங்கினேன்.

“தம்பி, நம்ப முடியாதுன்னது நீங்கதானா?”

“ஆமாங்க ஐயா. புஸ்தகத்துல இல்லாம இருந்துச்சுங்க.”

“அது சரி. மத்த ரெண்டு கப்பல்லயும் அடுக்களை அங்கனதானா?”

“அங்கதானுங்க.”

“இத்தன நாளா நான் ஒருத்தன்தான் வெந்தேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். அப்ப அந்த ரெண்டுலயும் ரெண்டு பேரு வெந்திருக்கானுவ. பாவிப் பயலுவ! அவனுவ பேரு போட்டிருக்கா?”

“இல்லீங்க ஐயா. சமையல்காரங்க பேரெல்லாம் எந்தப் புஸ்தகத்துலயும் வர்றதில்லீங்க.”

“கேப்டன் பேரு?”

“இருக்குதுங்க.”

“எல்லாக் கப்பலுக்கும்?”

“ஆறு பேரும் இருக்காங்க.”

அவர் சிரித்தார். கோபச் சிரிப்பு மாதிரியும் இல்லை. “தின்னவன் பேரு இருக்கு, பொங்குனவன் பேரு இல்ல. நல்லா இருக்குவே உங்க கட்டுரை,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போய், ஒண்ணு இல்லடே, மூணு கப்பல் என்று அவரே அறிவித்தாராம். ஐந்தாவது, ஆறாவது கப்பலில் பொங்கியவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று துறைமுகம் முழுக்க விசாரித்துக்கொண்டிருப்பதாகச் செல்வி சொன்னார்.

இப்போது நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். கட்டுரை சிறந்த கட்டுரையாகத் தேர்வாகி, கலைக்களஞ்சியத்தின் முதல் பக்கத்தில் வந்தது. நான் படித்த பாடம் இதுதான்: அடுத்தவர் வரிக்கு ஆதாரம் கேட்கப் போகுமுன், உங்கள் வரிக்கு இருக்கிறதா என்று பாருங்கள். எடுக்கத்தான் வேண்டுமென்றால், எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். அவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

பொங்கியவர்கள் பெயர் எங்கே என்ற சூசை ஐயாவின் கேள்விக்குத்தான் எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. பட்டியலில் சமையல்காரர் என்று ஒரு பத்தி சேர்க்கப் பார்த்தேன். எழுத ஒரு பெயர்தான் இருந்தது, அதற்கும் புத்தகத்தில் ஆதாரம் இல்லை. நானே எடுத்துவிட்டேன்.