முதலில் யாரிடம் சொன்னாள்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு நர்ஸைக் கண்டாலே வயிறு எரியும். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வகுப்பில் தொண்டை வற்றக் கத்துகிறவள் இவள். பள்ளிக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகாத அந்த நர்ஸின் அறை வாசலிலோ, இடைவேளை தவறாமல் பிள்ளைகள் கூட்டம். ஒருத்திக்கு வயிற்றுவலி, ஒருவனுக்குத் தலைவலி. ஐந்து நிமிஷம் அங்கே உட்கார்ந்து எழுந்தால் எல்லாம் பறந்துவிடும். இத்தனைக்கும் அங்கே இருப்பது களிம்பும் பஞ்சும்தான். சிரித்துச் சிரித்தே பிள்ளைகளை வளைத்துப் போட்டுவிட்டாள் என்று ஆசிரியர் அறையில் டீச்சர் பொருமாத நாளே இல்லை.

திங்கட்கிழமை அந்த எரிச்சலில் எண்ணெய் விழுந்தது. டீச்சர் வகுப்பில் ஜன்னலோரம் உட்காரும் சிறுமி, நாலு முறை கேட்டால் ஒரு முறை பதில் சொல்கிறவள், நர்ஸிடம் போய் மனதில் கிடந்ததைக் கொட்டிவிட்டாள். அம்மா வேலைக்குப் போனதும் வீட்டுக்கு வரும் மாமா, கதவைச் சாத்திக்கொண்டு அவளைத் தகாத விதத்தில் படம் எடுத்திருக்கிறார். நர்ஸ் அன்று மாலையே போலீசுக்கு எழுதிக் கொடுத்தாள். சட்டம் அப்படி. தெரிந்துகொண்டவரே இருபத்து நாலு மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும்; மேலிடத்தில் சொல்லிவிட்டுக் கைகழுவ முடியாது. பிள்ளைக்குக் கெடு கிடையாது, வளர்ந்து ஆளான பிறகும் புகார் கொடுக்கலாம். கெடு எல்லாம் பெரியவர்களுக்குத்தான். வருஷா வருஷம் இதற்கென்று ஒரு வகுப்பு நடக்கும். டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவாள்.

பிள்ளையை நினைத்து டீச்சருக்கு மனம் பதறியது பொய்யில்லை. ஆனால் அந்தப் பதற்றத்தையும் முந்திக்கொண்டு, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வந்து நின்றது. வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டும் அது விடவில்லை. செவ்வாய்க்கிழமை ஆசிரியர் அறையில் வாயை விட்டாள்.

"இவளே தோண்டித் துருவிக் கேட்டிருப்பா. சின்னப் பிள்ளை, கேட்டதுக்கெல்லாம் தலையாட்டியிருக்கும்."

புதன்கிழமை விசாரணைக்கு வந்த பெண் போலீஸ் அதிகாரி அதே பேச்சோடு வந்தார். மாமா தரப்பு அப்படித்தான் சாதிக்கிறதாம். எல்லாம் நர்ஸ் சொல்லிக்கொடுத்த பாடமாம். படங்களை அந்த ஆள் அழித்துவிட்டான். நர்ஸிடம் வருவதற்கு முன்பே பிள்ளை வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால்தான் வழக்கு நிற்கும் என்றார். நர்ஸ் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்த்து டீச்சருக்கு உள்ளே லேசாகக் குளிர்ந்தது.

மதியம் காலி வகுப்பறையில் அந்தச் சிறுமியின் நோட்டை எடுத்தாள். தினம் நாலு வரி எழுதவைக்கும் நோட்டு அது. போலீசுக்காக எடுக்கவில்லை. 'எங்கள் டீச்சரை எனக்குப் பிடிக்கும்' என்று எங்கேயாவது ஒரு வரி இருக்காதா என்ற நப்பாசை. அப்படி ஒரு வரியும் இல்லை. பாதி நோட்டில் வேறொன்று இருந்தது.

'மாமா கதவைச் சாத்தி போட்டோ எடுக்கிறார். சொல்லக் கூடாதாம். எனக்குப் பயமாக இருக்கிறது டீச்சர்.'

அதன் கீழே சிவப்பு மையில் ஒரு டிக், 'நன்று', கையெழுத்து, தேதி. பத்தொன்பது நாளுக்கு முந்தைய தேதி. ஒரு பீரியடில் நாற்பது நோட்டு முடிக்கிற கை அது. பக்கம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், படிக்காது. இதை எழுதிவிட்டு அந்தப் பிள்ளை காத்திருந்திருக்கிறாள். பதிலுக்குக் கிடைத்தது ஒரு நன்று.

ஒரு தாளைக் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கிழித்தால் வேலை தப்பும், நர்ஸும் ஒழிவாள். கிழிக்காவிட்டால் பத்தொன்பது நாள் தெரிந்தும் மறைத்தவள் என்று இவள் மேலேயே வழக்கு வரும். தாளின் ஓரத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு நோட்டை மூடி எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியை அறைக்குப் போனாள்.

அங்கே அதிகாரியும் நர்ஸும் இருந்தார்கள். பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். அதிகாரி படித்துவிட்டு, கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது யாரோடது?"

"என்னோடது. படிக்காமப் போட்டது." நர்ஸைப் பார்க்க முடியாமல் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். "அவ முதல்ல சொன்னது என்கிட்டதாங்க."