மதினியும் அந்த வெளிச்சமும்

பதினாறு வருடமாக நான் தைத்த சட்டைகளில் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறவள் என் மதினி மாரிசெல்வி. இரண்டு பேருக்கும் வேலை தாராவியில் ஒரே தையல் பட்டறையில். நான் மிஷினில், அவள் செக்கிங்கில். கொழுந்தனுக்கு ஒரு பிசிறாவது விட்டுக்கொடுக்க வேண்டாமா? சட்டையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி, “யாரு, நம்ம நாகராசு தச்சதா? அதான் அக்குள்ல காத்து வருது” என்பாள். படிப்பு எனக்கு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ரோஷம் மட்டும் நிற்கவில்லை.

அந்த மதினிக்குப் போன வருடம் மார்பில் கட்டி. புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. “ஒரு தடவ அறுக்கச் சொல்லு, படுத்துக்கிடுதேன். ரெண்டாவது தடவைன்னா என்னால ஆவாது” என்றாள். என் அண்ணன் வயிற்றில் இரண்டாவது ஆபரேஷனுக்கு உள்ளே போனவன்தான். திரும்பவில்லை.

டாக்டர் சாருலதா பம்பாயிலேயே தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காக்காரர். தமிழிலேயே விளக்கினார்.

“கட்டியை எடுத்துடுவோம். ஓரத்துல கண்ணுக்குத் தெரியாம கொஞ்சம் தங்கியிருந்தா, அது லேப் ரிப்போர்ட் வந்தாத்தான் தெரியும். அப்போ மறுபடியும் ஆபரேஷன். இங்க ஒரு புது முறையைச் சோதிச்சுப் பார்க்கறோம். முன்னாடியே ஒரு மருந்தை ஊசியில ஏத்திடுவோம். கட்டியை எடுத்தப்பறம் தியேட்டர் லைட்டை அணைச்சுட்டு, வேற வெளிச்சத்துல அந்த இடத்தைப் படம் பிடிப்போம். மிச்சம் இருந்தா ஒளிரும், அப்பவே எடுத்துடலாம். சில சமயம் தப்பாவும் காட்டும். மருந்து சிலருக்கு ஒத்துக்காது. இஷ்டம்னா மட்டும் கையெழுத்துப் போடுங்கோ.”

இவ்வளவில் என் காதில் விழுந்தது ஒன்றுதான்: இந்த டாக்டர் மிச்சம் வைத்துவிடுவார். எங்கள் தொழிலில் பீஸ் திரும்பி வந்தால் தைத்தவனுக்கு அவமானம். அதே தராசில் டாக்டரையும் நிறுத்தினேன். மதினியை வராந்தாவுக்குக் கூட்டி வந்து, “கை சுத்தமான டாக்டருக்கு எதுக்கு மதினி லைட்டு? செம்பூர்ல ஒருத்தர் மிச்சமே வைக்க மாட்டாராம், அங்க போவோம்” என்றேன். அது பஸ்ஸில் யாரோ சொன்னது. ஆளின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏலே, நீ நல்ல டெய்லர்தானே?”

“இந்தத் தாராவியில என்னைய மாதிரி ஒருத்தன்...”

“பெறவு ஒனக்கு எதுக்கு நான்?”

அவள் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் அன்று வெளியே உட்கார்ந்து ஐந்து வடாபாவ் தின்றேன். எனக்குக் கவலை வயிற்றில்தான் வரும். சாருலதா வந்து, ஒரு ஓரத்தில் ஒளிர்ந்தது, அதையும் எடுத்தாயிற்று என்றார். “நெஜமாவே நோயா, சும்மா காட்டித்தான்னு லேப்தான் சொல்லணும்.”

பத்து நாள். காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தேன்.

ரிப்போர்ட் வந்தது. ஒளிர்ந்த துண்டில் நோய் இருந்தது. அதைத் தாண்டி ஓரமெல்லாம் சுத்தம். இரண்டாவது ஆபரேஷன் வேண்டாம். என் பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மதினி இன்னும் சொல்லிக்காட்டவில்லை. சமயம் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

கரண்ட் வைத்தியம் என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சையும் முடித்து வேலைக்கு வந்துவிட்டாள். போன திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டாள். எங்கள் பட்டறையில் இஸ்திரி போடும் ஜெயினுலாப்தீன் பாயின் மனைவிக்கும் மார்பில் கட்டி. அதே டாக்டர்.

“அந்த லைட்டுக்கு அவரு பொஞ்சாதிக்குச் சம்மதந்தான். பாய்தான் விட மாட்டேங்காரு. மிச்சம் வைக்கிற டாக்டர் வேண்டாமாம். அப்படியே நீ பேசுனதத்தான் பேசுதாரு. நீ போய் அவருகிட்ட சொல்லு.”

“நான் என்னத்தச் சொல்ல?”

“நீ எம்புட்டுப் பெரிய மடையனா இருந்தேங்கிறத. ஒண்ணு விடாமச் சொல்லு.”