சரசு சந்தைக்குப் போன நாள்

பார்வையற்ற பெண்கள் தங்கி வேலை பழகும் இல்லம் ஒன்றில் ஓராண்டு தொண்டு செய்ய, மலேசியாவிலிருந்து கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைக்கு வந்திருந்தேன். காலையில் அவர்களோடு உட்கார்ந்து தேங்காய் துருவுவதும், மாலையில் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவதும் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் யார் எழுந்தாலும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன். அதுதான் உதவி என்று நினைத்திருந்தேன்.

அவர்களில் என் வயதுக்காரியான சரசு ஒருநாள் முதன்முறையாகத் தனியே சந்தைக்குக் கிளம்பினாள். எனக்கு மனம் கேட்கவில்லை. அவளிடம் சொல்லாமல் அதே பஸ்ஸில் பின்பக்கமாக ஏறிக்கொண்டேன். சந்தையில் அவள் கத்தரிக்காயைத் தடவிப் பார்த்து, பேரம் பேசி வாங்கினாள். எங்கும் தடுமாறவில்லை.

திரும்பும்போது கூட்டத்தில் அவளைத் தவறவிட்டேன். பஸ்களின் பெயர்ப்பலகை எல்லாம் மலையாளத்தில் இருந்தது. எதில் ஏறுவதென்று ஒருவரிடம் கேட்டேன். என் குரலைக் கேட்டு, சற்றுத் தள்ளி நின்ற சரசு திரும்பினாள்.

"ஏனுங்க, எனக்குத் தொணைக்கு வந்தீங்களாக்கும்?"

"பயந்துட்டேன் சரசு. மன்னிச்சிடுங்க."

"அதுக்கென்னங்க. கண்டக்டர் கூவறது கேக்குதுங்களா, இப்ப வர்றது பொள்ளாச்சி பஸ்ஸு. நம்மளது அடுத்ததுங்க. எங்கூடவே நில்லுங்க."

இல்லத்து வாசலில் வார்டன் அக்கா, "சரசுவைப் பத்திரமா கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்கக்கா. சரசுதான் என்னைக் கூட்டிட்டு வந்தாங்க."

சரசு வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஓராண்டில் நான் எத்தனையோ வேலை செய்தேன். ஆனாலும் அன்று ஒன்றும் செய்யாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததைத்தான் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.