நெறைவா இருக்கு

திருத்தணி பஜாரில் வேதாசலம் மளிகைக்கடையில் போய், கேட்ட சரக்கு கிடைக்காமல் திரும்பினவர் கிடையாது. அதற்குக் காரணம் முதலாளி இல்லை, கடைச் சிப்பந்தி கஜபதி. சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டிக்காரன். ஆடிக் கிருத்திகைக்கு வெல்லம் எவ்வளவு போகும், முகூர்த்த மாசத்தில் துவரம்பருப்பு எப்போது அடிதட்டும் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. டப்பா தீர்வதற்கு முன்னாலேயே அரக்கோணம் போய் மூட்டையோடு வந்து இறங்குவான். அலமாரியில் ஒரு டப்பா காலியாக இருந்தால், நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்த மாதிரி கூசுவான்.

அப்புறம் சண்டை வந்தது. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனதோடு அங்கிருந்து கப்பலில் வந்த ஜவ்வரிசி நின்றது. கஜபதி அரக்கோணத்துக்கு நடையாய் நடந்து வெறுங்கோணியோடு திரும்பினான்.

"அலமாரி காலியா கெடந்தா எவன் படியேறுவான்? எதையாச்சும் பண்ணி ரொப்பி வையி" என்றார் வேதாசலம்.

ரொப்பினான். கண்ணாடி பாட்டிலின் நடுவில் பழைய பேப்பரைச் சுருட்டி நிறுத்தி, மிஞ்சின ஜவ்வரிசியைச் சுற்றிலும் விட்டான். வெளியிலிருந்து பார்த்தால் கழுத்து வரைக்கும் சரக்கு. தள்ளி நின்று பார்த்து, தன் கைவேலையை மெச்சிச் சிரித்துக்கொண்டான். பாவி மனுஷன், பிற்பாடு அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் அதிகம் கூசினான்.

சரக்குத் தட்ட ஆரம்பித்ததும் கடையில் இன்னொரு வழக்கமும் வந்தது. வீட்டில் அரிசி தீர்ந்தால் நாம் 'இல்லை' என்று வாய்விட்டுச் சொல்வோமா? 'நெறைவா இருக்கு' என்போம். வேதாசலமும் கடையில் அப்படித்தான் சொல்லச் சொல்வார். கேட்டவர்கள் புரிந்துகொண்டு பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

ஒருநாள் காலையில் அம்மையார்குப்பத்திலிருந்து பாஞ்சாலி வந்தாள். நெசவுக்காரி. மகள் தமயந்தி விஷ ஜுரத்தில் கிடந்தாள். ஜவ்வரிசிக் கஞ்சி தவிர வேறெதுவும் அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

"ஜவ்வரிசி இருக்குதுங்களா?"

கஜபதி தலையைத் திருப்பவில்லை. பருப்பைப் புடைத்துக்கொண்டே, "நெறைவா இருக்கும்மா" என்றான்.

அவளுக்கு எதிரே கழுத்து வரைக்கும் ரொம்பின பாட்டில். வாயும் சொல்லுது, கண்ணும் பார்க்குது, அப்புறம் என்ன சந்தேகம்? "மருந்து வாங்கிகினு வந்துடறேங்க" என்று போனாள்.

மத்தியானம் வந்து துணியை விரித்தாள். "ஜவ்வரிசி போடுங்க."

"காலையிலயே சொன்னேனேம்மா, நெறைவா இருக்குன்னு."

"ஆங், அத நம்பித்தான் வந்தேங்க. உசேன் பாய் கடையில கொஞ்சம் வச்சிருந்தாரு. எனக்கு அங்க பாட்டிலு நெறைய இருக்குது, இது வேற யாருக்காச்சும் ஆவட்டும்னு வுட்டுட்டேன். என் கண்ணெதிரவே ஒருத்தர் வாங்கிகினு போயிட்டாரு."

அப்போதுதான் கஜபதிக்கு உறைத்தது. "இல்லம்மா" என்றான். அந்த வார்த்தையை அந்தக் கடையில் அவன் அதுவரை சொன்னதில்லை. அவள் பாட்டிலைக் கை காட்டினாள்.

"எதிர்லயே வச்சுகினு இல்லங்கறான் பாரு. பதுக்கறானுங்க" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

பதுக்கல் என்று பேர் வந்தால் சர்க்காரில் கடையைப் பூட்டிவிடுவார்கள். வேதாசலம் பதறிப்போய், "கொட்டிக் காட்டித் தொல" என்றார்.

பதுக்கவில்லை என்று காட்ட, ஏமாற்றினதை எல்லார் எதிரிலும் அவிழ்த்துக் காட்ட வேண்டும். என்ன பிழைப்பு இது! கஜபதி பாட்டிலை முறத்தில் கவிழ்த்தான். பேப்பர் சுருள் முதலில் விழுந்து உருண்டது. யாரோ சிரித்தார்கள். பின்னாலேயே கொஞ்சம் ஜவ்வரிசி, பழுப்பேறி, வண்டு ஊர்ந்துகொண்டு. காலையில் தலையைத் திருப்பி ஒரு வார்த்தை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் உசேன் பாய் கடைச் சரக்காவது அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கும். அவனுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. பாஞ்சாலி திட்டுவாள் என்று நின்றான். திட்டியிருந்தால் தேவலை.

அவள் முறத்தின் முன்னால் உட்கார்ந்து, வண்டைத் தள்ளித் தள்ளிப் பொறுக்கினாள். முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"ஒரு வேளைக்கு ஆவுங்க" என்று கும்பிட்டாள். "ஒங்க கடை எப்பவும் நெறைவா இருக்கட்டும்."

மனசாரத்தான் வாழ்த்தினாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

தமயந்தி பிழைத்தாளா என்று கேட்டுவர அம்மையார்குப்பம் போகும் தைரியம் கஜபதிக்குக் கடைசிவரை வரவில்லை. சண்டை ஓய்ந்து ஜவ்வரிசி மறுபடி வந்தபோது, யார் கேட்டாலும் பாட்டிலை இறக்கி, அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவிக் காட்டிவிட்டுத்தான் அளந்து போடுவான்.